வலத்துவீட்டு மச்சம்

இராஜபாளையத்துச் சுந்தரபாண்டியனுக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று வ. புதுப்பட்டிச் சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, தாயும் பிள்ளையும் நலமா என்று அவர் கேட்கவில்லை.

"கன்னத்துல இருக்கா?" என்றுதான் கேட்டார்.

வெயிலில் வந்த ஆள் விழித்தான். கன்னத்தில் என்ன இருக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. "எல்லாம் இருக்குய்யா. மூக்கு, வாய், ரெண்டு காது. ஒண்ணும் குறைவில்ல" என்றான்.

சுந்தரபாண்டியன் கேட்டது மச்சத்தை. அவருடைய பூர்வீகமான சோழபுரத்தில் ஒரே வம்சம் இரண்டு வீடாகப் பிரிந்திருந்தது. ஒரு வீட்டு ஆண்களுக்கு வலக்கன்னத்தில் மச்சம்; அவர்கள் வலத்துவீட்டார். மற்ற வீட்டு ஆண்களுக்கு இடக்கன்னத்தில், அவர்கள் இடத்துவீட்டார். பங்குனி உத்திரத்தன்று அய்யனார் கோயிலில் பூசாரி கொடுக்கும் முதல் திருநீறு வலத்துவீட்டுக்கு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வீட்டில் புதிதாகப் பிறந்த ஆண்வாரிசின் கன்னத்தில் மச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருநீறு இடத்துவீட்டுக்குப் போய்விடும். இதுவரை போனதில்லை. போகவிடாமல் காத்தவர்களின் வரிசையில் கடைசியாக நிற்பவர் தாம் என்ற நினைப்பில், சுந்தரபாண்டியன் தூங்கும்போதுகூட முதுகை வளைக்காமல்தான் படுப்பார்.

அவருடைய வலக்கன்னத்து மச்சம் சற்றே பச்சை ஓடியது. பங்குனி வெயிலில் அது இன்னும் பச்சையாகத் தெரியும். சிறுபிள்ளையாக இருந்தபோது, கையில் ஊசியும் கரிச்சாந்தும் கொண்ட ஒருத்தி வீட்டுக்கு வந்ததும், அப்பா அவரை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டதும், அவர் ஊரைக் கூட்டி அழுததும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. "உள்ள இருக்கிற மச்சத்த வெளிய எடுக்காக. அழாதலே" என்று அப்பா சொன்னார். அப்பா பொய் சொல்லாதவர். ஆகவே மச்சம் உள்ளேதான் இருந்தது. வந்தவள் அதற்கு வழி மட்டும் காட்டினாள். இதில் சுந்தரபாண்டியனுக்கு இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை.

மருமகள் நாச்சியார் பிள்ளையோடு வந்து இறங்கிய அன்று, அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிள்ளையை ஜன்னலோரம் தூக்கிப் போனார். கன்னத்தை இழுத்துப் பார்த்தார். காதோரம் பார்த்தார். தாடைக்குக் கீழே ஒருவேளை நழுவி இருக்குமோ என்று அங்கேயும் பார்த்தார். வேர்க்குருவும் கொசுக்கடியும் ஏராளமாக இருந்தன. மச்சம் இல்லை.

"என்ன மாமா தேடுதிய?" என்றாள் நாச்சியார்.

"ஒண்ணுமில்லத்தா. ஜாடை பாக்கேன்."

அவருடைய மகன் சமுத்திரம் பட்டாளத்தில் இருந்தான். லீவு முடிந்து பெஷாவருக்குப் போனவன் இன்னும் பிள்ளையைப் பார்க்கவில்லை. அவனிடம் இதையெல்லாம் கேட்க முடியாது, கேட்டாலும் சிரிப்பான். மச்சத்தை வெளியே எடுக்க ஊசிக்காரியைக் கூப்பிடலாம் என்றால், பிள்ளைக்கு இன்னும் தலையே சரியாக நிற்கவில்லை. பங்குனியோ நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் யோசித்து ஓர் உத்தரவு போட்டார். அன்றிலிருந்து பிள்ளையின் வலக்கன்னத்தில் துவரம்பருப்பு அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க வேண்டும். குளிப்பாட்டிய ஈரம் காயும் முன்பே வைத்துவிட வேண்டும்.

பொட்டு இருக்கும்வரை அடியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாருக்குத் தெரியும்? ஆனால் இடத்துவீட்டு மொக்கைச்சாமி சும்மா இருக்கிற ஆள் இல்லை. பருத்திக் கமிஷன் கடையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது அவன் வாயைத் திறந்தான்.

"அண்ணே, பேரனுக்குப் பொட்டு ரொம்பப் பெருசா இருக்காம்ல? அடியில மச்சம் கிச்சம் இருக்கா, இல்ல பொட்டுதான் மச்சமா?"

"ஏலே மொக்கை, நாக்க அடக்கிப் பேசு. வலத்துவீட்டுப் பிள்ளையப் பாத்து ஊர்க்கண்ணு படும். பொட்டு இருக்கத்தான் செய்யும்."

"உத்திரத்தன்னைக்குச் சாமி முன்னாடி அழிச்சுக் காட்டுவியளா?"

"சாமி முன்னாடி திருஷ்டிப் பொட்ட அழிக்கச் சொல்லுதியே, நீயெல்லாம் ஒரு மனுசனா? பொட்டு வைக்கிறதுக்கு முன்னால போட்டோ எடுத்துக் கொண்டாரேன். போட்டோ பொய் சொல்லாது. கண்ணு நிறையப் பாத்துக்கோ."

கடையில் இருந்தவர்கள் அது நியாயம் என்றார்கள். போட்டோ பொய் சொல்லாது என்பது அந்த நாளில் படித்தவர்களும் நம்பிய விஷயம். சுந்தரபாண்டியனுக்கு மட்டும், அது சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தால் நல்லது என்று பட்டது.

மருமகளையும் பேரனையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். தேரடிக்குப் பக்கத்தில் வில்சன் என்பவரின் ஸ்டூடியோ இருந்தது. கூரையில் பாதி கண்ணாடி. படம் பிடிப்பது வில்சன். பிடித்த கண்ணாடிப் பிளேட்டில் பென்சிலும் சிறு கத்தியும் கொண்டு முகத்தின் குறைகளைத் துடைத்துச் சீராக்குவது, டச்சிங் என்பார்கள், அது அவர் மனைவி ஞானரத்தினம்.

வில்சன் பட்டுத் துணியை விரித்துப் பிள்ளையைக் குப்புறப் போடப் போனார்.

"நில்லும். என்ன செய்யுதீரு?"

"பச்சப்பிள்ளைக்கு இதாங்கய்யா வசதி. தலையத் தூக்கிப் பாக்கும். படம் அம்சமா இருக்கும்."

"எங்க வம்சத்துல எவனும் எவன் முன்னாடியும் குப்புற விழுந்ததில்ல. நாற்காலில உக்காத்தும்."

"உக்காத்துனா சரிஞ்சுரும்ங்கய்யா."

"வலத்துவீட்டுப் பிள்ளை சரியாது."

உட்கார வைத்தார்கள். சரிந்தது. மறுபடி வைத்தார்கள். இந்தமுறை மறுபக்கம் சரிந்து, விரலைச் சூப்பியபடி அப்படியே கிடந்தது. கடைசியில் நாச்சியாரை நாற்காலிக்குப் பின்னால் மண்டியிடச் சொல்லி, தலையோடு கறுப்புத் துணியால் மூடி, துணிக்குள்ளிருந்து கையை விட்டுப் பிள்ளையின் இடுப்பையும் பிடரியையும் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளச் செய்தார் வில்சன். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது. "பாத்தீரா?" என்றார் சுந்தரபாண்டியன். படத்தில் நிமிர்வு மட்டுந்தான் விழும், பிடித்துக்கொண்டிருந்தவள் விழமாட்டாள். அது அவருக்குச் சரியாகவே பட்டது.

ஞானரத்தினம் வெளியே வந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். "வேர்க்குருவ அள்ளித் தெளிச்ச மாதிரில்லா இருக்கு! கவலப்படாதிய அண்ணாச்சி, ஒண்ணுவிடாம எடுத்துருவேன். போன மாசம் ஒரு பிள்ளைக்கு ஒழுகுன மூக்கையே நிறுத்திக் குடுத்தேன்."

அடுத்த வாரம் பெரியவர் தனியாக வந்தார். சன்னலை ஒட்டிய டச்சிங் மேசையில் பிளேட் சாய்ந்திருந்தது. எட்டிப் பார்த்தவர் பின்வாங்கினார். கரிச்சட்டி மாதிரி ஒரு முகம். தலைமுடி நரைத்து வெள்ளை வெளேரென்றிருந்தது.

"என்னம்மா இது? எம்பேரன என்ன பண்ணி வச்சிருக்க?"

"பிளேட்ல அப்படித்தான் அண்ணாச்சி. கறுப்பு வெளுப்பாவும் வெளுப்பு கறுப்பாவும் தெரியும். அச்சுப் போட்டா சரியாயிரும். வேர்க்குரு எம்புட்டு இருந்துச்சுங்கிய! எல்லாத்துலயும் பென்சிலப் போட்டு மூடிட்டேன். இப்ப முகம் வெண்ணெ கணக்கா இருக்கு."

சுந்தரபாண்டியன் தொண்டையைச் செருமினார். கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஒரு மச்சம் வைக்க வேண்டும் என்றார்.

ஞானரத்தினம் பென்சிலைக் கீழே வைத்தாள். "ஊர்ல எல்லாரும் இருக்கிறத எடுக்கச் சொல்லி வருவாக. சோழபுரத்துக்காரவியதான் இல்லாதத வைக்கச் சொல்லி வாறிய."

"இல்லாததுன்னு யார் சொன்னா? உள்ள இருக்கு. வெளிய வர நாளாகும்."

"உள்ள இருக்கிறதுக்குக் கர்த்தர் சாட்சி. எனக்கு மேல தெரியுறதுதான் கணக்கு."

இல்லாதது என்ற சொல்லில் எழுந்த கோபம் தணிந்த பிறகுதான் அவளுடைய பேச்சின் முன்பாதி பெரியவருக்கு உறைத்தது. "ஆமா, சோழபுரத்துல இருந்து வேற எவன் வந்தான்?"

"ஒருத்தர் சமாச்சாரத்த இன்னொருத்தர்ட்ட சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. இந்தச் சுத்துப்பட்டுல பாதிப்பேர் மூஞ்சி எம்பென்சில்லதான இருக்கு. நான் வாயத் திறந்தா எத்தன கல்யாணம் நிக்கும்? சரி, மச்சம் கறுப்புல்லா? அதுக்குக் கத்தியால சுரண்டணும். எந்தப் பக்கம்?"

வலக்கன்னம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வம்சத்தின் அடையாளத்தை ஒருத்தியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போக அவருக்கு மனம் ஒப்பவில்லை. "சொல்லிட்டுப் போற விஷயமா இது? கொண்டா, காட்டுதேன்."

அச்சில் விழப்போகும் பக்கமாகவே அவள் திருப்பிக் கொடுத்த பிளேட்டை வாங்கி, முகம் தம்மைப் பார்க்கும்படி வெளிச்சத்தில் நேரே பிடித்தார். அவர் தம் மச்சத்தைப் பார்த்ததெல்லாம் கண்ணாடியில்தான். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்றால், அது அவருடைய வலக்கைப் பக்கமாகவே நிற்கும். பிளேட்டிலும் அதே பக்கத்தில் நகத்தை வைத்தார். எதிரே இருக்கும் மனுஷனுடைய வலக்கன்னம் நம்முடைய இடக்கைப் பக்கம் வரும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எதிரே இருப்பவர்களின் முகத்தை உற்றுப் பார்க்கும் பழக்கம் சுந்தரபாண்டியனுக்கு எப்போதும் இருந்ததில்லை.

"நல்லாப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. சுரண்டுனா சுரண்டுனதுதான்."

"தினம் பாக்கிற மச்சம். நீ எனக்குச் சொல்லாத."

நகம் நின்ற இடத்தில் அவள் மையால் சிறு புள்ளி வைத்துக்கொண்டாள். கேட்ட இடத்தில் கேட்ட மச்சம். அவளுக்கென்ன?

சட்டம் போட்ட படம் வந்ததும் பெரியவர் அதைத் தம் அறைக்குக் கொண்டுபோய் நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியில் தம்மைப் பார்த்தார். படத்தில் பேரனைப் பார்த்தார். இரண்டு மச்சமும் ஒரே பக்கம். உரித்து வைத்த மாதிரி இருக்கிறான் என்று அவருக்குக் கண் கலங்கியது.

நாச்சியாரும் படத்தைப் பார்த்தாள். படத்துக் கன்னத்தைப் பார்த்தாள், மடியில் இருந்த கன்னத்தைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். "மாமா, இது..."

"கேமராவுக்கு உள்ள இருக்கிறதும் தெரியும்த்தா. நீ போய் உலையப் பாரு."

பங்குனி உத்திரத்தன்று சோழபுரம் அய்யனார் கோயிலில் பொங்கல் பானைகள் வரிசையாகக் கொதித்தன. பூசாரி திருநீற்றுத் தட்டோடு நின்றார். ஒருபுறம் வலத்துவீட்டார், பொட்டு வைத்த பேரனோடு நாச்சியார். மறுபுறம் இடத்துவீட்டார், மொக்கைச்சாமியின் மகன் ஆண்டிச்சாமி, அவன் மனைவி அழகுத்தாய், அவள் இடுப்பில் அவர்களுடைய பையன். அவன் இடக்கன்னத்திலும் துவரம்பருப்பு அகலத்துக்கு ஒரு பொட்டு இருந்தது. மொக்கைச்சாமி கையிலும் பட்டுத்துணி சுற்றிய சட்டம் ஒன்று இருந்தது. எதிரியும் தம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறான் என்று சுந்தரபாண்டியன் பெருமைப்பட்டுக்கொண்டார்.

தம் படத்தின் துணியை உருவி, கூட்டத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினார். "எல்லாரும் பாத்துக்கிடுங்க! வலத்துவீட்டு மச்சம்!"

கூட்டம் பார்த்தது. முதலில் சிரித்தவன் மொக்கைச்சாமி.

"அண்ணே! இது இடக்கன்னம்லா! எங்க வீட்டு மச்சம் உங்க வீட்டுக்கு எப்படிண்ணே வந்துச்சு?"

சுந்தரபாண்டியன் படத்தைத் தம் பக்கம் திருப்பினார். சரியாகத்தான் இருந்தது. தம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. எங்கேயோ ஏதோ திரும்பிக்கொண்டது என்று மட்டும் தெரிந்தது; எங்கே என்று தெரியவில்லை.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "சமுத்திரம் பெஷாவர்ல கிடக்கான். ஆண்டிச்சாமி உள்ளூர்லதான இருக்கான்" என்றது. இன்னொருவன், "யோவ், அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு பானைகளைத் தாண்டிப் பரவியது. ஆண்டிச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். நாச்சியாரின் முகம் சுண்டியது.

அவள் மாமனாரின் அருகில் வந்தாள். "மாமா, இவிய பேசுறது கேக்குல்லா? இந்த மச்சம் எப்படி வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியந்தான். படத்து மச்சம் கத்தியால் சுரண்டியது. பிள்ளைக்கு மச்சமே இல்லை. சொன்னால் மருமகளின் பெயர் நிற்கும், முதல் திருநீறு போய்விடும். சொல்லாவிட்டால் மருமகளின் பெயர் போய்விடும். திருநீறு ஒருவேளை நிற்கலாம். வம்ச கௌரவத்தைக் காப்பதாக மார்தட்டிய மனிதர், அந்த இரண்டையும் எடைபோட்டுக்கொண்டு நின்றார். எடைபோட வேண்டிய விஷயமா அது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"மச்சங்கிறது..." என்று கனைத்தார். "வளருற பிள்ளைக்கு... சில வேளை நகரும்."

"நகருமா?" என்றார் பூசாரி.

"கொஞ்சம் நகரும்."

நாச்சியார் பொங்கல் பானைகளுக்குப் பக்கத்தில் போனாள். முந்தானையைத் தண்ணீர்க் குடத்தில் நனைத்தாள். பிள்ளையின் வலக்கன்னத்துப் பொட்டை ஒரே இழுப்பில் துடைத்தாள். இடக்கன்னத்தையும் துடைத்தாள். பிள்ளையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, கூட்டம் முழுவதும் பார்க்கும்படி மெல்லத் திருப்பினாள்.

"பாத்துக்கிடுங்க. வலது. இடது. ஒரு மச்சமும் கிடையாது. படத்துல இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டூடியோக்காரி கையால வச்சது. எம்பிள்ளைக்கு அவன் அப்பன் மூக்கு இருக்கு, அப்பன் நெத்தி இருக்கு. அது போதும்."

சிரிப்பு நின்றது. சமுத்திரத்தின் அகலமான மூக்கு அந்த ஊருக்கே தெரிந்த மூக்கு. அது அப்படியே பிள்ளையிடம் இருந்தது.

மொக்கைச்சாமி மட்டும் விடவில்லை. "அப்ப வலத்துவீட்டுக்கு மச்சம் கிடையாது! பூசாரி, திருநீற இந்தப் பக்கம் கொண்டாரும்!"

"செத்த இருங்க சின்ன மாமா" என்றாள் நாச்சியார். ஈர முந்தானையை நீட்டினாள். "அழகு, இந்தா. நீயும் துடைச்சுக் காட்டிரு."

அழகுத்தாய் முந்தானையைப் பார்த்தாள். மாமனார் கையிலிருந்த சட்டத்தைப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தைத் தோளோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, "எம்பிள்ளைக்குச் சளி. தண்ணி ஆகாது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று அரசமரத்துப் பக்கம் போய்விட்டாள். மொக்கைச்சாமி தன் கையிலிருந்த சட்டத்தின் பட்டுத்துணியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டினான்.

சோழபுரத்துக்காரவியதான் என்று ஞானரத்தினம் சொன்னது அப்போதுதான் சுந்தரபாண்டியனுக்கு முழுதாக விளங்கியது.

"பொங்கல் குழையுதுய்யா" என்று சலித்துக்கொண்டார் பூசாரி. "மச்சத்தப் பாத்துக்கிட்டே நின்னா நான் எப்பப் படையல் போட? சாமி முன்னாடி மூஞ்சியத் தொறந்து காட்டுன பிள்ளை இது ஒண்ணுதான்." நேராக வந்து, நாச்சியார் கையிலிருந்த பிள்ளையின் நெற்றியில் முதல் திருநீற்றைப் பூசினார். பிள்ளை தும்மியது.

ஊர் குலவையிட்டது. சுந்தரபாண்டியன் முதுகை நிமிர்த்தி, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, "பாத்தியாலே மொக்கை? வலத்துவீட்டுக்குத்தான்!" என்றார். மருமகள் பக்கம் அவர் திரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டூடியோவில் நின்றார். இந்தமுறை பேரனை மடியில் வைத்துக்கொண்டு தாமும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். எடுத்த பிளேட்டை ஞானரத்தினம் மேசையில் சாய்த்தபோது பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மச்சம் எந்தப் பக்கம் வைக்கணும் அண்ணாச்சி? பேரன் கன்னம் சும்மா இருக்கே."

"வைக்கவேண்டாம்" என்றார் அவர். பிறகு தம் கன்னத்தைக் காட்டி, "இத எடுத்துரு."

ஞானரத்தினம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நெசமாவா? வம்சத்து மச்சம்லா?"

"வலத்துவீட்டார் கன்னம் எப்பவும் சுத்தமான கன்னம். மச்சமெல்லாம் இடத்துவீட்டான் சமாச்சாரம். சாமி சாட்சியாத் திருநீறு வாங்கியிருக்கோம், தெரியும்லா?"

"எடுக்கிறதுதான் எங்க தொழில்" என்று சொல்லிவிட்டு அவள் பென்சிலைச் சீவினாள்.

இப்போது அந்தப் படந்தான் இராஜபாளையத்து வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் வெண்ணெய் போன்ற கன்னங்கள். வருகிறவர்களிடமெல்லாம் சுந்தரபாண்டியன் படத்தைக் காட்டி, களங்கமில்லாத வம்சம் என்று சொல்வார். வந்தவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் அவருடைய பச்சை மச்சத்தைப் பார்ப்பார்கள், காபியைக் குடிப்பார்கள். அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று அவர் கவனித்ததில்லை.

ஒருநாள் காலை கூடத்துக்கு வந்தவர் திடுக்கிட்டு நின்றார். படத்துக் கண்ணாடியின்மேல், தாத்தாவின் கன்னத்தில், துவரம்பருப்பு அகலத்துக்கு மையால் ஒரு பொட்டு இருந்தது. சரியாக வலக்கன்னத்தில்.

"ஏத்தா நாச்சியா! என்ன இது?"

அடுப்படியிலிருந்து மருமகளின் குரல் மட்டும் வந்தது.

"திருஷ்டிப் பொட்டு மாமா. இம்புட்டுச் சுத்தமா இருந்தா ஊர்க்கண்ணு பட்டுரும்லா."

அவர் துடைக்கத் துண்டை எடுத்தார். திருஷ்டிப் பொட்டை அழிக்கச் சொல்கிறவன் மனுஷனா என்று பருத்திக் கடையில் நாலு பேர் முன்னால் தாம் கேட்டது நினைவுக்கு வந்தது. துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலையில், பிள்ளையைக் குளிப்பாட்டிய கையோடு, நாச்சியார் கூடத்துக்கும் வந்து அந்தப் பொட்டைப் புதுப்பித்துவிட்டுப் போகிறாள்.